எட்டுப் புள்ளிகளுக்கு ஏற்ற சார்ட் லைப்ரரி

பம்பைத் தொட்டியில் பொருத்தி, டெலிவரி வால்வை முழுக்க மூடிவிட்டு மோட்டாரை ஓட விடுவார்கள். தண்ணீர் போக வழியில்லாததால் பிரஷர் கேஜ் முள் உச்சத்தில் போய் நிற்கும். அது முதல் புள்ளி. பிறகு வால்வைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திறப்பார்கள். ஒவ்வொரு நிலையிலும் விநாடிக்கு எத்தனை லிட்டர் வருகிறது, எத்தனை மீட்டர் ஹெட் (தண்ணீரை ஏற்றும் உயரம்) இருக்கிறது, மோட்டார் எத்தனை கிலோவாட் இழுக்கிறது என்று நோட்டில் எழுதுவார்கள். எட்டுப் புள்ளி சேர்ந்ததும் கிராஃப் ஷீட்டில் வைத்து, பிரெஞ்சு கர்வால் இணைப்பார்கள். கோயம்புத்தூரில் கணபதிப் பக்கம் உள்ள ஒரு பம்பு கம்பெனியின் டெஸ்ட் பெட்டில் 2021இல் நான் போய் நின்றபோதும் இப்படித்தான் நடந்துகொண்டிருந்தது. அதைக் கம்ப்யூட்டருக்குக் கொண்டுவருவதுதான் எனக்கும் என்னோடு வேலை செய்த இன்னொருவருக்கும் கிடைத்த வேலை.

சென்சார்களைப் படிப்பது எளிதாக முடிந்துவிட்டது. ஃப்ளோ மீட்டரும் பிரஷர் டிரான்ஸ்மிட்டரும் பவர் மீட்டரும் மாட்பஸ் என்ற தொழிற்சாலைத் தகவல் தொடர்பு முறை வழியாக ஒழுங்காகவே பேசின. ஐந்து மாத வேலையில் பாதிக்கு மேல் விழுங்கியது வரைபடம். படம் வரைந்து தரும் ஆயத்த நிரல் தொகுப்புகளில், அதாவது லைப்ரரிகளில், எதை எடுப்பது என்ற ஒரே கேள்விக்கு மூன்று முறை பதில் மாற்றினோம். அந்த மூன்று மாற்றங்களிலும் கற்றதை இங்கே எழுதுகிறேன். பம்போடு சம்பந்தமே இல்லாத வேலை செய்பவர்களுக்கும் இதில் பாதியாவது பயன்படும் என்று நம்புகிறேன்.

தேவை இதுதான். டெஸ்ட் பெட் பக்கத்தில், தண்ணீர் தெறிக்காத பெட்டிக்குள் 2 ஜிபி நினைவகமுள்ள ராஸ்பெர்ரி பை 4, அதாவது லினக்ஸ். அலுவலகத்தில் தர ஆய்வு செய்பவரிடம் விண்டோஸ் கம்ப்யூட்டர். சூப்பர்வைசர் கையில் ஆண்ட்ராய்டு டேப்லெட். மூன்றிலும் ஒரே படம் ஒரே மாதிரி தெரிய வேண்டும். டெஸ்ட் ஓடும்போது அழுத்தத்தை நேரலையாகக் காட்ட வேண்டும். முடிந்ததும் ஹெட், திறன், மின்சாரம் மூன்றையும் டிஸ்சார்ஜுக்கு (விநாடிக்கு வெளிவரும் தண்ணீர்) எதிராக ஒரே தாளில் மூன்று செங்குத்து அச்சுகளோடு அச்சிட வேண்டும். எழுத்துகள் தமிழிலும் வர வேண்டும். கம்பெனியின் அந்தக் கொட்டகையில் இண்டர்நெட் கிடையாது.

இந்தப் பத்தியை அன்றைக்கே ஒரு தாளில் எழுதிச் சுவரில் ஒட்டியிருந்தால் இரண்டு மாதம் மிச்சமாகியிருக்கும். நாங்கள் அப்படிச் செய்யவில்லை. லைப்ரரிகளின் காட்சிப் பக்கங்களைத் திறந்து, எது அழகாக இருக்கிறது என்று பார்த்தோம். அங்கே இருக்கும் மாதிரிகளில் பன்னிரண்டு மாத விற்பனை இருக்கும், ஏழு நாள் வெயில் இருக்கும். எல்லாமே பத்து இருபது புள்ளிகள், சம இடைவெளி, ஆங்கில எழுத்து. எங்கள் தரவு இதில் எதுவுமே இல்லை.

முதலில் எடுத்தது, எஸ்விஜி வழியில் வரையும் ஒரு ஜாவாஸ்கிரிப்ட் லைப்ரரி. வலைப்பக்கத்தைத் தனிச் செயலியாக்கும் எலக்ட்ரானுக்குள் வைத்தால் விண்டோஸ், லினக்ஸ் இரண்டிலும் ஓடும், டேப்லெட்டுக்கு அதே பக்கத்தைப் பிரவுசரில் திறந்துகொள்ளலாம் என்பது கணக்கு. என் லேப்டாப்பில் வெண்ணெய் மாதிரி ஓடியது. ராஸ்பெர்ரி பையில் மூன்றாவது நிமிடத்திலேயே திணற ஆரம்பித்தது. காரணம் எளிது. எஸ்விஜியில் ஒவ்வொரு புள்ளிக்கும் ஒரு வட்டம் வைத்தால், அந்த ஒவ்வொரு வட்டமும் பிரவுசர் நினைவில் ஒரு தனி உறுப்பு. எங்கள் பிரஷர் டிரான்ஸ்மிட்டர் விநாடிக்கு 50 அளவீடு தரும். இருபது நிமிட டெஸ்ட்டுக்கு 60,000 உறுப்புகள். ஒவ்வொரு முறை கோடு நகரும்போதும் அத்தனையையும் பிரவுசர் கணக்கில் எடுக்க வேண்டும். கேன்வாஸ் வழி அப்படியல்ல. அங்கே வரைந்து முடித்த கோடு வெறும் பிக்சல்தான். பின்னால் எதையும் நினைவில் வைக்கத் தேவையில்லை. சில நூறு புள்ளிகள் வரை எஸ்விஜி அருமையானது, பெரிதாக்கினாலும் கூர்மை குறையாது, ஸ்டைல் மாற்றுவது சுலபம். ஆயிரங்களைத் தாண்டினால் கேன்வாஸ். லட்சங்களில் நேரலையாக ஓட வேண்டுமென்றால் வெப்ஜிஎல் போல கிராஃபிக்ஸ் சிப்பைத் தொடும் வழிகளையும் பார்க்க வேண்டியிருக்கும். எந்த லைப்ரரியை எடுக்கும் முன்பும் அது எதன் மேல் வரைகிறது என்று பாருங்கள். பல இடங்களில் அந்த ஒரு வரியே முடிவைச் சொல்லிவிடும்.

வேகத்தைக் கூட்ட நாங்கள் செய்த அவசர வேலைதான் எனக்கு இன்றும் வருத்தம் தருவது. ஒவ்வொரு விநாடியின் 50 அளவீட்டையும் சராசரி எடுத்து ஒரே புள்ளியாக்கினோம். அறுபதாயிரம் ஆயிரத்து இருநூறாகச் சுருங்கியது, படமும் வழுக்கிக்கொண்டு ஓடியது. நான்காம் நாள் தர ஆய்வாளர் கூப்பிட்டார். முப்பது வருடம் அதே டெஸ்ட் பெட்டில் நின்றவர். "தம்பி, வால்வைப் படக்குனு மூடுனா முள்ளு ஒம்பது கிலோ வரைக்கும் தாவி இறங்குது. உங்க டிவியில ஒண்ணுமே காணோமுங்களே?" என்றார். முள் தாவியதை அவர் கண்ணால் பார்த்திருக்கிறார். எங்கள் படத்தில் கோடு லேசாக ஒரு மூச்சு விட்டதுபோல மேடிட்டிருந்தது, அவ்வளவுதான்.

கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஓடும் அழுத்தம் சதுர சென்டிமீட்டருக்கு 4.8 கிலோ. வால்வு சட்டென்று மூடும்போது எழும் அதிர்வு ஒரு விநாடியில் பத்தில் ஒரு பங்கு நேரம்தான் நிற்கும், அதாவது 5 அளவீடு. அந்த 5 அளவீடு 9 கிலோ, மீதி 45 அளவீடு 4.8 கிலோ. சராசரி 5.2 கிலோ. குழாயை உடைக்கக்கூடிய ஓர் அடியை எங்கள் படம் அரைக் கிலோவுக்கும் குறைந்த அசைவாகக் காட்டிவிட்டது. அந்த வரைபடத்தை நம்பி யாராவது ஒரு பம்பைச் சரி என்று அனுப்பியிருந்தால் அதற்கு நான் பொறுப்பு.

புள்ளிகளைக் குறைப்பது தவறில்லை, குறைத்தே ஆக வேண்டும். எட்டு மணி நேர ஓட்டச் சோதனைக்கு விநாடிக்கு 10 அளவீடு எடுத்தாலே 2,88,000 புள்ளி. திரை அகலம் 1,280 பிக்சல். ஒரு பிக்சல் பத்தியில் 225 புள்ளிகள் ஒன்றன்மேல் ஒன்றாக விழும். அத்தனையையும் வரைந்து பயனில்லை. ஆனால் எந்த முறையில் குறைக்கிறோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. ஐஸ்லாந்து பல்கலைக்கழகத்தில் ஸ்வெய்ன் ஸ்டெய்னார்சன் 2013இல் தன் முதுகலை ஆய்வேட்டில் விவரித்த எல்டிடிபி என்ற முறை இன்று பல லைப்ரரிகளில் இருக்கிறது. தரவைக் கூறுகளாகப் பிரித்து, பக்கத்துக் கூறுகளோடு சேர்த்துப் பார்க்கும்போது பெரிய முக்கோணத்தை உண்டாக்கும் புள்ளியை ஒவ்வொரு கூறிலிருந்தும் தேர்ந்தெடுக்கும். சராசரி மாதிரி இல்லாத மதிப்பை உருவாக்காது. உண்மையான புள்ளியையே எடுக்கும். கண்ணுக்குக் கோட்டின் உருவம் மாறாது. வெப்பநிலை மாதிரி மெதுவாக மாறுவதற்கு அதைத்தான் இப்போதும் வைத்திருக்கிறோம். ஆனால் ஒரு கூறிலிருந்து ஒரு புள்ளிதான் என்பதால், ஒரே கூறில் ஏற்றமும் இறக்கமும் இருந்தால் இரண்டில் ஒன்று போய்விடும். அழுத்தத்துக்கு அதைவிட எளிய வழியை எடுத்தோம்: ஒவ்வொரு பிக்சல் பத்திக்கும் மிகக் குறைந்ததும் மிக அதிகமானதும் என இரண்டு புள்ளி. 2,88,000 புள்ளி 2,560 ஆகிவிடும், ஒரு துள்ளலும் தப்பாது. லைப்ரரி தானாகவே குறைக்கிறது என்று அறிமுகத்தில் எழுதியிருந்தால் மகிழ்ந்துவிடாதீர்கள். எந்த முறையில் என்று தேடிப் பிடியுங்கள். சராசரி என்றிருந்தால் அணைத்துவிட்டு நீங்களே குறைத்துக் கொடுங்கள்.

அடுத்தது எட்டுப் புள்ளி வரைபடம். இதற்கு வேகமே வேண்டாம், எந்த லைப்ரரியும் போதும் என்றுதான் நினைத்தோம். மிகப் பெரிய பிழை இங்கேதான் வந்தது.

முதலில் கோடு சப்பையாக இருந்தது. டிஸ்சார்ஜ் 0, 1, 4, 6 என்று போகும் புள்ளிகள் படத்தில் சம இடைவெளியில் உட்கார்ந்திருந்தன. வணிக வரைபடங்களுக்காக எழுந்த பல லைப்ரரிகளில் கோட்டு வரைபடத்தின் கிடை அச்சு எண் அச்சு அல்ல, பெயர் அச்சு. ஜனவரி, பிப்ரவரி, மார்ச் மாதிரி 0, 1, 4 என்பதையும் பெயராகவே எடுத்துக்கொள்ளும். சார்ட்.ஜேஎஸ் போலப் பலரும் பயன்படுத்தும் லைப்ரரியிலும் கோட்டு வரைபடத்துக்கு இயல்பு அதுதான். எண் அச்சு வேண்டுமென்று நாம் சொன்னால் மாறிக்கொள்ளும். ஒரே வரியில் சரிசெய்யக்கூடியதுதான், ஆனால் நேரில் காட்டும் வரை எங்கள் இருவருக்கும் கண்ணில் படவில்லை.

அதைச் சரிசெய்த பிறகு கோடு முறிந்து முறிந்து தெரிந்தது. பிரெஞ்சு கர்வ் வைத்து வரைந்த மாதிரி வேண்டுமே என்று லைப்ரரியின் வழவழப்பு விருப்பத்தை இயக்கினோம். அழகான வளைவு வந்தது. பெருமையோடு அச்சிட்டுக் கொண்டுபோய்க் கொடுத்தேன். அந்தத் தர ஆய்வாளர், எங்களுக்குப் பெரியவர், கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு தாளைப் பார்த்தார். இடது ஓரத்தில், முதல் புள்ளிக்கும் இரண்டாவது புள்ளிக்கும் நடுவே விரலை வைத்தார். "ஏனுங் தம்பி, இந்த மேடு எங்கிருந்து வந்துச்சு?"

கால் மீட்டருக்கும் குறைவான மேடு அது. நான் அதுவரை கவனிக்கவே இல்லை. அவருக்கு அது பெரிய விஷயம். வால்வு மூடிய நிலையில் ஹெட் 48 மீட்டர் என்றால், திறக்கத் திறக்க அது இறங்கிக்கொண்டே வர வேண்டும். திறந்தவுடன் கொஞ்சம் ஏறி, பிறகு இறங்கினால் அந்தப் பம்பு ஒரே ஹெட்டுக்கு இரண்டு வேறு டிஸ்சார்ஜ் தரும். அந்தப் பகுதியில் ஓடும்போது, அதிலும் இரண்டு பம்பைச் சேர்த்து ஓட்டும்போது, ஒரு நிலையில் நிற்காமல் தள்ளாடும். தண்ணீரைச் சுழற்றித் தள்ளும் இம்பெல்லரின் வடிவமைப்பிலேயே கோளாறு என்று அர்த்தம். பம்பு நல்ல பம்பு. மேட்டை உண்டாக்கியது எங்கள் லைப்ரரியின் வளைவுச் சூத்திரம்.

அது நடந்த விதத்தைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இது பம்புக்கு மட்டுமான ஆபத்து அல்ல. புள்ளிகள் (0, 48.0), (1, 47.6), (4, 41.8) என்று வைத்துக்கொள்ளுங்கள். வழவழப்பான கோடு இரண்டாவது புள்ளியை எந்தச் சாய்வில் கடக்க வேண்டும் என்பதை லைப்ரரி அதன் இரு பக்கத்து அண்டைப் புள்ளிகளையும் பார்த்து முடிவு செய்கிறது. வலப்பக்க அண்டை தூரத்தில், ஆழத்தில் இருக்கிறது. அதன் இழுப்பால் கோடு இரண்டாவது புள்ளியைச் செங்குத்தாக இறங்கியபடி கடக்க வேண்டியிருக்கிறது. அப்படிச் செங்குத்தாக இறங்க, அதற்கு முன் கொஞ்சம் மேலே ஏறியாக வேண்டும். 48.0க்கு மேல் ஏறி 47.6க்கு விழுகிறது. இடைவெளி சமமில்லாத தரவில் இது அதிகமாக நடக்கும். இதைத் தடுக்கும் வளைவு முறைகள் உண்டு. ஃபிரிட்ஷும் கார்ல்சனும் 1980இல் வெளியிட்ட முறை அதில் ஒன்று. ஏறாத இடத்தில் ஏற விடாது. டி3, ஈசார்ட்ஸ் என்ற லைப்ரரிகள் இரண்டிலும் அந்த மாதிரி ஏறுமுகம் இறங்குமுகம் காக்கும் விருப்பங்கள் இருக்கின்றன. நாங்கள் அதையும் தாண்டி, வளைவு வேலையை லைப்ரரியிடமிருந்தே பிடுங்கிக்கொண்டோம். எட்டுப் புள்ளிக்கும் குறைந்த வர்க்க முறையில் (மொத்த விலகல் மிகக் குறையும்படி) ஒரு பல்லுறுப்புக் கோவையைப் பொருத்தி, அதிலிருந்து நூறு புள்ளி எடுத்து நேர்கோடுகளாக வரையச் சொன்னோம். அளந்த எட்டுப் புள்ளிகளும் தனியே கட்டங்களாக மேலே தெரியும். எது அளந்தது, எது நாம் பொருத்தியது என்று பார்ப்பவருக்குப் பிரிந்து தெரிய வேண்டும் என்பதில் நான் இப்போது விடாப்பிடியாக இருக்கிறேன். அளவீட்டுத் தரவில் லைப்ரரியின் வழவழப்பு விருப்பத்தை நான் இனி இயக்குவதே இல்லை.

தமிழ் எழுத்துக்கு வருகிறேன். டெஸ்ட் பெட்டில் நிற்பவர்கள் அச்சில் 'அழுத்தம்', 'வெப்பநிலை' என்று இருந்தால் நன்றாக இருக்கும் என்று கேட்டார்கள். இரண்டாவது முயற்சியாகப் பைத்தானில் எழுதிப் பார்த்துக்கொண்டிருந்த நேரம் அது. அதன் வரைபட லைப்ரரியான மேட்பிளாட்லிப் எனக்குப் பல ஆண்டுப் பழக்கம், அதில் தமிழ் எழுத்துருவைக் கொடுத்து ஓட்டினேன். எழுத்து வந்தது, ஆனால் கொம்பு இடம் மாறி நின்றது. 'வெ' என்பதில் வகரம் முன்னாலும் ஒற்றைக்கொம்பு பின்னாலும். 'கொள்ளளவு' படிக்கவே முடியவில்லை.

யூனிகோடில் நாம் 'கெ' எழுதும்போது ககரம் முதலிலும் கொம்பு அடுத்தும் சேமிக்கப்படுகின்றன. திரையில் காட்டும்போது கொம்பை இழுத்து முன்னால் வைக்க வேண்டும். 'கொ' என்றால் ஒரே குறியீட்டைப் பிளந்து இரு பக்கமும் வைக்க வேண்டும். இந்த வேலையைச் செய்வதற்கென்றே ஹார்ஃப்பஸ் போன்ற எழுத்து வடிவமைப்பு எந்திரங்கள் இருக்கின்றன. பிரவுசர், செயலி எழுத உதவும் கருவித் தொகுப்புகளான க்யூடி, ஃபிளட்டர் மூன்றும் அதைத் தமக்குள் வைத்திருப்பதால் அவற்றின் மேல் நிற்கும் வரைபட லைப்ரரிகளுக்குத் தமிழ் இலவசமாகக் கிடைத்துவிடுகிறது. பைத்தானிலேயே பைக்யூடிகிராஃப் க்யூடியின் எழுத்தைப் பயன்படுத்துவதால் அதில் தமிழ் சரியாக வந்தது. எழுத்துகளை ஒவ்வொன்றாக எடுத்து வரிசையாக ஒட்டும் லைப்ரரிகளில் வராது. டியர் இம்ஜியூஐ மேல் நிற்கும் இம்பிளாட் வேகத்தில் மலைக்க வைக்கும், ஆனால் அங்கே இந்த வடிவமைப்பு இல்லை. டாட்நெட் பக்கம் ஸ்கியாஷார்ப் மேல் வரைபவர்களும், சாதாரண எழுத்து வரையும் கட்டளை போதாது, ஹார்ஃப்பஸ் இணைப்பைத் தனியாகச் சேர்க்க வேண்டும் என்பதை நினைவில் வையுங்கள்.

பிரவுசரிலும் ஒரு குழி இருக்கிறது. கேன்வாஸில் வரையும் நேரத்தில் தமிழ் எழுத்துரு ஏறி முடியவில்லையென்றால், இருக்கிற ஏதோ ஓர் எழுத்துருவில் வரைந்துவிடும். பிறகு எழுத்துரு வந்தாலும் படம் மாறாது, ஏனென்றால் அது பிக்சலாகிவிட்டது. ராஸ்பெர்ரி பையில் தமிழ் எழுத்துருவே இல்லாததால் வெறும் கட்டங்கள்தான் வந்தன. நோட்டோ சான்ஸ் தமிழை நிரலோடு சேர்த்தே வைத்து, எழுத்துருக்கள் ஏறிவிட்டனவா என்று பிரவுசரிடம் கேட்டு, ஆம் என்ற பிறகே வரையும்படி மாற்றினோம். பிடிஎஃப் இன்னொரு குழி. திரையில் சரியாக வந்த தமிழ், ஜாவாஸ்கிரிப்டிலேயே பிடிஎஃப் செய்யும் சில கருவிகளில் மறுபடி உடைந்தது. குரோமியத்தையே திரையில்லாமல் ஓட்டி அதன் அச்சு வழியாகப் பிடிஎஃப் எடுத்தோம், சரியாகிவிட்டது. தமிழ்ப் பெயர்கள் நீளமானவை என்பதையும் எந்த மாதிரிப் படமும் சொல்லாது. ஆங்கிலத்தில் நான்கெழுத்துக்கு ஒதுக்கிய இடத்தில் 'விநாடிக்கு லிட்டர்' நுழையாமல் பாதியில் வெட்டுப்படும்.

உரிமம் பற்றி. பைத்தானுக்கு முன்பே சி++இல் க்யூடி கொண்டு எழுதலாமா என்று தீவிரமாக யோசித்தோம், பையில் அதுதான் மிக வேகம். க்யூடியின் பெரும்பகுதி, நம் சொந்த நிரலை வெளியிடாமலே பயன்படுத்த விடும் எல்ஜிபிஎல் உரிமத்தில் கிடைக்கும். அதனால் க்யூடி சார்ட்ஸும் அப்படித்தான் என்று எடுத்துக்கொண்டோம். அப்படியல்ல. 2016இல் க்யூடி 5.7இல் அது திறந்த நிரலாக வந்தபோதே ஜிபிஎல் அல்லது வணிக உரிமம் என்ற இரண்டில் ஒன்றுதான். கியூகஸ்டம்பிளாட்டும் அதே மாதிரி. கம்பெனிக்குள்ளேயே ஓட்டிக்கொண்டால் ஜிபிஎல் எதையும் கேட்பதில்லை. எங்கள் மென்பொருளை இன்னும் இரண்டு கம்பெனிகளுக்கு விற்பதாக இருந்தோம். விற்றால் வாங்குபவருக்கு மூல நிரலையும் அதே உரிமத்தில் தர வேண்டும். நான் அதற்குத் தயாராகவே இருந்தேன், முதலீடு போட்டவர் தயாராக இல்லை. பைத்தான் பக்கத்திலும் இதே சிக்கல் வேறு உருவில் உண்டு: பைக்யூடிகிராஃப் எம்ஐடி உரிமம், ஆனால் அதற்கு அடியில் பைக்யூடியை வைத்தால் ஜிபிஎல், பைசைடை வைத்தால் எல்ஜிபிஎல். லைப்ரரியின் உரிமத்தோடு, அது எதன் மேல் நிற்கிறதோ அதன் உரிமத்தையும் முதல் நாளே படியுங்கள்.

ஃபிளட்டரையும் பார்த்தோம். அன்றைக்கு அதன் விண்டோஸ் ஆதரவு நிலையான பதிப்பாகவில்லை. 2022 பிப்ரவரியில்தான் ஆனது, லினக்ஸும் மேக்கும் அதே ஆண்டு மே மாதத்தில். இன்று தொடங்கினால் முதலில் அதைத்தான் சோதித்துப் பார்ப்பேன்.

கடைசியில் எங்கே போய் நின்றோம் என்றால், பையிலேயே ஒரு சின்ன சர்வர். விண்டோஸும் டேப்லெட்டும் பையின் சொந்தத் திரையும் பிரவுசரில் அதே பக்கத்தைத் திறக்கும். மூன்று இயங்குதளங்களுக்கும் தனித்தனி நிறுவல் கிடையாது. நேரலை அழுத்தக் கோட்டுக்கு யூபிளாட். சுமார் 50 கேபி அளவுள்ள சின்ன லைப்ரரி, கேன்வாஸில் வரைவது, காலத் தொடருக்கென்றே எழுதியது, எம்ஐடி உரிமம். பையில் அது எங்கள் 2,88,000 புள்ளியைக் குறைக்காமல் கொடுத்தபோதும் தாக்குப்பிடித்தது. எட்டுப் புள்ளி அறிக்கைக்கு ஈசார்ட்ஸ். பைடுவில் பிறந்து அப்பாச்சி அமைப்புக்குப் போன திட்டம், அப்பாச்சி 2.0 உரிமம். மூன்று செங்குத்து அச்சை ஒன்றன் பக்கத்தில் ஒன்றாகத் தள்ளி வைக்க முடிகிறது. திரைக்குக் கேன்வாஸ், அச்சுக்கு எஸ்விஜி என்று ஒரே நிரலில் மாற்றிக்கொள்ளவும் முடிகிறது. ஒரே லைப்ரரியில் எல்லாம் அடங்க வேண்டும் என்ற பிடிவாதத்தை விட்டது நல்லதாகப் போயிற்று. நேரலைக்கும் அறிக்கைக்கும் தேவைகள் வேறு வேறு.

இரண்டையும் நிரலோடு சேர்த்தே பையில் வைத்தோம். முதல் நாள் நான் லைப்ரரியை இணையத்தில் இருந்து இழுக்கும்படி எழுதிவிட்டு, கொட்டகையில் போய் வெள்ளைத் திரையோடு நின்றிருக்கிறேன். இண்டர்நெட் இல்லாத இடத்துக்குச் செய்பவர்கள் இன்னொன்றையும் பாருங்கள்: கூகுள் சார்ட்ஸைப் போலச் சிலவற்றைப் பதிவிறக்கி நம் சர்வரில் வைத்துக்கொள்ளவே விதிமுறை அனுமதிப்பதில்லை. அதே கூகுளின் பழைய பட வரைபடச் சேவை 2012இல் கைவிடப்படுவதாக அறிவிக்கப்பட்டு, 2019இல் நின்றுபோனது. பத்து வருடம் ஓட வேண்டிய டெஸ்ட் பெட்டுக்கு நம் கையில் மூல நிரல் இருக்கும் லைப்ரரிதான் வேண்டும். அதன் பின்னால் எத்தனை பேர் இருக்கிறார்கள் என்பதையும் பார்ப்பேன். மேட்பிளாட்லிப்பைத் தொடங்கிய ஜான் ஹண்டர் 2012இல் மறைந்தார். அதற்குள் அது பலர் சேர்ந்து தாங்கும் திட்டமாகியிருந்ததால் இன்றும் வளர்கிறது. ஒரே ஒருவர் எழுதும் லைப்ரரியை எடுப்பதில் தவறில்லை, ஆனால் அவர் நிறுத்தினால் நாமே படித்துத் திருத்தும் அளவுக்கு அது சின்னதாக இருக்க வேண்டும். யூபிளாட்டின் மூல நிரலை ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து படித்துப் பார்த்த பிறகுதான் முடிவு செய்தேன்.

அச்சு எல்லைகளைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். எல்லா லைப்ரரியும் தரவுக்கு ஏற்ப அச்சைத் தானாகவே நீட்டிச் சுருக்கிக்கொள்ளும். அதனால் 3 எச்பி பம்பும் 5 எச்பி பம்பும் தாளில் ஒரே மாதிரி தெரிந்தன. பெரியவர் பழைய கிராஃப் ஷீட்டுகளை ஃபைலில் வைத்திருந்தார். அவற்றில் ஒரு சென்டிமீட்டர் என்றால் எப்போதும் 5 மீட்டர் ஹெட். புதுத் தாளைப் பழைய தாளின் மேல் வைத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து, போன வருடப் பம்புக்கும் இந்த வருடப் பம்புக்கும் வித்தியாசம் பார்ப்பார். எங்கள் தாளை அப்படி வைத்தால் எதுவும் பொருந்தவில்லை. அச்சு எல்லையை ஒவ்வொரு மாடலுக்கும் நிலையாக வைத்து, வரைபடத்தின் அளவை மில்லிமீட்டரில் கட்டி, அச்சிடும்போது பிரவுசர் தாளுக்கேற்பச் சுருக்காதபடி செய்ய மூன்று நாள் பிடித்தது. நான்காம் நாள் ஜன்னலில் வைத்தார், கோடுகள் ஒன்றின்மேல் ஒன்று அமர்ந்தன. கம்பெனியின் பிரிண்டர் கறுப்பு வெள்ளை. அதனால் மூன்று கோடுகளையும் நிறத்தால் மட்டும் பிரிக்காமல், முழுக்கோடு, விட்டுவிட்ட கோடு, புள்ளிக்கோடு என்று மாற்றினோம். சிவப்பும் பச்சையும் பிரித்தறிய முடியாத ஒருவர் டெஸ்ட் பெட்டிலேயே இருந்தார் என்பது பிறகுதான் தெரிந்தது; அவருக்கும் அது உதவியது.

லைப்ரரியை மூன்று முறை மாற்றியதில் முதல் முறைக்கு மூன்று வாரம், கடைசி முறைக்கு இரண்டு நாள். இடையில் செய்தது ஒன்றுதான். எங்கள் நிரல் எங்கும் லைப்ரரியின் பெயர் வராதபடி, எல்லாவற்றையும் ஒரே கோப்புக்குள் அடைத்தோம். வெளியே தெரிவது நாங்கள் வைத்த நான்கு கட்டளைகள்: வரைபடம் தொடங்கு, அச்சு வை, கோடு சேர், தாளாக்கு. புள்ளி குறைப்பதும் வளைவு பொருத்துவதும் லைப்ரரிக்கு வெளியே எங்கள் நிரலில் இருக்கின்றன. இந்த அடுக்கைப் பெரிதாக்கிவிடாதீர்கள். லைப்ரரியின் எல்லா வசதிக்கும் மாற்றுப் பெயர் வைக்கக் கிளம்பினால் நாமே ஒரு லைப்ரரி எழுதி அதைக் காப்பாற்ற வேண்டியதாகிவிடும்.

இப்போது இன்னொரு கம்பெனி, பிரவுசர் வேண்டாம், பெட்டியைப் போட்டால் நேரே படம் வர வேண்டும் என்கிறது. க்யூடி 6.10 முதல் க்யூடி சார்ட்ஸ் கைவிடப்படும் நிலைக்குப் போய்விட்டதால் அதன் இடத்துக்கு வந்திருக்கும் க்யூடி கிராஃப்ஸைச் சோதித்துக்கொண்டிருக்கிறேன். சோதனைக்கு ஒரு கோப்புறையே வைத்திருக்கிறேன். எட்டு மணி நேர அழுத்தப் பதிவு ஒன்று, அதில் நான்கு இடங்களில் வால்வு அதிர்வு. சமமில்லாத இடைவெளியில் எட்டுப் புள்ளி. நடுவில் சென்சார் அறுந்து இருபது விநாடி தரவே இல்லாத ஒரு பதிவு. அந்த இடத்தில் லைப்ரரி கோட்டை விட்டுவிடுகிறதா, இரு முனையையும் இணைத்துப் பொய்க்கோடு போடுகிறதா, பூஜ்யத்துக்கு இறக்குகிறதா என்று பார்க்க. 'கொள்ளளவு', 'வெப்பநிலை' என்று இரண்டு தமிழ்ப் பெயர்கள். இவற்றை 2 ஜிபி பையில், இண்டர்நெட்டைப் பிடுங்கிவிட்டு, ஓர் இரவு முழுக்க ஓட விட்டுக் காலையில் நினைவகம் எவ்வளவு ஏறியிருக்கிறது என்று பார்ப்பேன். அச்சிட்ட தாளைப் பெரியவரிடம் காட்டாமல் முடிவு சொல்வதில்லை. அவர் ஓய்வு பெற்றுவிட்டார். வீடு சரவணம்பட்டியில், போகிற வழிதான்.